தட்டுக்காரரும் நாட்டு மரமும்

என் மாமனாரை மரக்கிடங்கில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தட்டுக்காரர் என்பார்கள். கப்பலில் வந்து இறங்கிய பெரிய மரத்தண்டுகள் கிடங்கு முற்றத்தில் வரிசையாகக் கிடக்கும். அவர் ஒரு சின்னச் சுத்தியலோடு போய் ஒவ்வொன்றாகத் தட்டுவார், காதை ஒட்டிவைத்துக் கேட்பார், பிறகு சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுப்பார். கோடு போட்டால் நல்ல மரம். வட்டம் போட்டால் உள்ளே பொத்தல். இருபத்தேழு வருஷத்தில் அவர் போட்ட கோடு பொய்த்ததாக யாரும் சொன்னதில்லை. வீடு கட்டுகிறவர்கள் விலையைக் கேட்பதற்கு முன்னால், "தட்டுக்காரர் கோடு இருக்கா?" என்றுதான் கேட்பார்கள்.

அவர் கப்பலில் ஏறியவர் இல்லை. ஆனாலும் மரத்தின் முனையில் சிவப்பு மையில் அடித்திருக்கும் எழுத்தைப் பார்த்தே எந்தத் துறைமுகத்தில் ஏற்றியது, எத்தனை நாள் கடலில் கிடந்தது என்று சொல்லிவிடுவார். நாட்டு மரம் என்றால் மட்டும் அவருக்கு ஒரே இளக்காரம். "பலாவும் வேம்பும் அடுப்புக்கு, மாப்பிள்ளை. வீட்டுக்குன்னா கப்பல் மரம்தான். நீங்க வீடு கட்டுறப்ப வாசக்கதவு என் பொறுப்பு" என்று எனக்குக் கல்யாணம் ஆன புதிதிலேயே சொல்லிவைத்திருந்தார். நான் வீடுகளுக்கு வயரிங் செய்கிறவன். வாடகை வீட்டில் இருந்த காலம் அது. தலையை ஆட்டிக்கொண்டேன்.

அதே கிடங்கில் என் மாமியாரின் தங்கை பில் எழுதிக்கொண்டிருந்தார். எனக்கு அவர் சின்னத்தை. புருஷனோடு ஒத்துவராமல் ஒரு பெட்டியோடு அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றவரை, மாமனார்தான் முதலாளியிடம் பேசி அங்கே சேர்த்துவிட்டார். இதை, வீட்டுக்கு யார் வந்தாலும் ஒரு தடவை சொல்லிவிடுவார். சின்னத்தையும் முகம் சுளிக்காமல், "ஆமா, அத்தான் இல்லேன்னா நான் ஏது" என்பார்.

சின்னத்தைக்கு ஒரு வினோதப் பழக்கம். ஊரில் எங்கே பழைய கட்டடத்தை இடித்தாலும் விடுமுறை நாளில் அங்கே போய் நிற்பார். உடைத்துப் போட்ட கதவு, நிலை, உத்தரம் எல்லாவற்றையும் புரட்டிப் பார்ப்பார். எத்தனை வருஷத்துக் கட்டடம், எந்தப் பக்கம் மழை அடிக்கும் என்று இடிக்கிறவர்களைத் துளைத்தெடுப்பார். கடைசியில் ஒரு கைப்பிடி அளவுக்குத் துண்டு ஒன்றை அறுத்து வாங்கிவந்து, அதில் விவரம் எழுதி, பில் மேசைக்கு அடியில் அடுக்குவார். ஒன்பது வருஷத்தில் அங்கே கால் நீட்ட இடமில்லாமல் போய்விட்டது.

"என்னம்மா, விறகுக்கடை போடப் போறியா?" என்று மாமனார் கேலி செய்வார். கிடங்கே சிரிக்கும். சின்னத்தையும் சிரிப்பார்.

பிறகு கப்பல் வருவது நின்றது. கடல்வழியில் ஏதோ தகராறு என்றார்கள். மரம் வெட்டும் நாட்டில் புதுச் சட்டம் போட்டுவிட்டார்கள் என்றார்கள். இந்த வாரம் வரும், அடுத்த வாரம் வரும் என்று நாலு மாசம் ஓடிற்று. நடுவில் ஒரே ஒரு கப்பல் வந்தது. அதிலும் பாதிக்குமேல் வட்டம் போட வேண்டியிருந்தது. முற்றம் காலியாகி, மரம் கிடந்த இடத்தில் புல் முளைத்தது. பாதி கட்டிய வீடுகளில் வாசலுக்குத் தார்ப்பாயைத் தொங்கவிட்டுவிட்டு ஆட்கள் வந்து வந்து கேட்டுப் போனார்கள்.

ஒருநாள் முதலாளி எல்லோரையும் ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார். "இன்னும் ரெண்டு மாசம் இழுக்கலாம். அப்புறம் ஷட்டரை இறக்கிட வேண்டியதுதான். யாராவது ஏதாவது சொல்லுங்க."

சின்னத்தை எழுந்து போய் மேசைக்கு அடியிலிருந்து ஆறு துண்டுகளை எடுத்துவந்து முதலாளி முன்னால் வைத்தார்.

"இது பலா. பழைய ஆஸ்பத்திரியோட பின்கதவு. வருஷக்கணக்கா மழையில நனைஞ்சிருக்கு. ஒரு பூச்சி தொடல, பாருங்க. இது வேம்பு. நிலையில தரைக்குள்ள புதைஞ்சிருந்த முனை. பக்கத்துச் சட்டத்தைக் கரையான் மாவா ஆக்கிடுச்சு, இதைத் தொடல. இது வாகை. இதுல பூச்சி விழுந்திருக்கு. ஆனா ஓரத்து வெள்ளையில மட்டும்தான், உள்ளே கெட்டியான வைரத்துல இல்ல. வெள்ளையைக் கழிச்சு அறுத்தா உத்தரத்துக்குத் தாங்கும்."

முதலாளி பலாத்துண்டை எடுத்து முகர்ந்து பார்த்தார். "ஏம்மா, இத்தனை வருஷமா இதையெல்லாம் மேசைக்கு அடியிலயா வச்சிருந்தீங்க?"

"முதலாளி, அது விறகு" என்றார் மாமனார்.

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. முதலாளி அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. "நாளைக்கே லாரியை எடுத்துக்கிட்டுப் போய் மரம் பாருங்கம்மா" என்று சின்னத்தையிடம் சொன்னவர், ஏதோ நினைவு வந்தாற்போல, "தட்டுக்காரரே, நீங்களும் கூடப் போங்க, துணைக்கு" என்றார்.

அந்த ஒரு சொல் மாமனாருக்குள் முள்ளாக ஏறிவிட்டது. பல மாசம் கழித்து என்னிடம் எல்லாவற்றையும் சொன்னபோதுகூட, அந்த இடத்தை அவர் சும்மா தாண்டிப் போகவில்லை. "இருபத்தேழு வருஷம், மாப்பிள்ளை. துணைக்கு!"

முதல் மரம் ஒரு பள்ளிக்கூடத்தின் பின்புறம் நின்ற பலா. புதுக் கட்டடத்துக்காக வெட்டப்போகிறார்கள். மாமனார் சுத்தியலால் தட்டினார். பச்சை மரம், தண்ணீர் நிறைந்த குடத்தைத் தட்டியதுபோல ஒரு சத்தம் வந்தது. அதிலிருந்து அவருக்கு ஒன்றும் புரியவில்லை. இன்னொரு பக்கம் போய்த் தட்டினார். அதே சத்தம். சின்னத்தை மரத்தை விட்டுவிட்டுக் காவலாளியிடம் பேசிக்கொண்டிருந்தார். மழை பெய்தால் இங்கே தண்ணீர் நிற்குமா, இந்தக் கிளை எப்போது ஒடிந்தது, ஒடித்தது காற்றா ஆளா. பிறகு அந்தத் தழும்பை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இதுலேருந்து ரெண்டடி உள்ளே கெட்டிருக்கும் அத்தான். மத்தது நல்லாருக்கும்" என்றார்.

கெட்டிருக்கக் கூடாது, இல்லையென்றால் முழுசும் கெட்டிருக்க வேண்டும் என்று மாமனார் ஒரு வாரம் வேண்டிக்கொண்டிருந்தார். அறுவை மில்லில் தண்டு பிளந்தது. அவர் தன் டேப்பை எடுத்து அளந்தார்.

"ரெண்டடின்னு சொன்ன. ஒன்னே முக்கால்தான் இருக்கு."

"அப்ப நமக்குக் கால் அடி லாபம் அத்தான்!" என்றார் சின்னத்தை. உண்மையான சந்தோஷத்தோடு.

அறுத்த பலகை பளீரென்று மஞ்சளாக வந்தது. முடிச்சு இல்லை, வெடிப்பு இல்லை. மாமனாரால் கண்ணை எடுக்க முடியவில்லை. வாழ்நாளெல்லாம் மரத்தோடு கிடந்தவருக்கு நல்ல மரத்தைத் தெரியாதா? தெரிந்தது. அது மோசமான மரமாக இருந்திருந்தால் அன்றைக்கு நன்றாகத் தூங்கியிருப்பேன் என்றார்.

ஆறே மாசத்தில் கிடங்கு மறுபடி நிரம்பிற்று. சாலையை அகலப்படுத்த முந்தின வருஷம் வெட்டிப்போட்ட மரங்கள் ஒரு மைதானத்தில் கேட்பாரற்றுக் கிடந்து காய்ந்திருந்தன. அவற்றில் முதலில் வேலை ஓடியது. புதிதாக அறுத்த பலகைகளைச் சின்னத்தை, பூச்சி அண்டாமலிருக்க வெண்காரம் கலந்த தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து எடுத்து, இடையிடையே சிறு கட்டைகள் கொடுத்து, காற்றுப் போகும்படி கொட்டகையில் அடுக்கினார். ஒவ்வொரு அடுக்கிலும் அறுத்த தேதியைச் சாக்பீஸால் எழுதினார். எட்டு மாசம் ஆகாமல் எதையும் தொடக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். முதலாளி அவருக்குத் தனி மேசை கொடுத்தார். வாடிக்கையாளர்கள், "அந்த அம்மா பார்த்த மரமா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். மாமனார் காதுபடவே கேட்டார்கள்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. மாமியார் தங்கையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்.

"என் தங்கச்சிக்கு எவ்வளவு மூளை பாருங்க. பக்கத்துவீட்டுக்காரம்மாகூடக் கேட்டாங்க."

"யாரு சேர்த்துவிட்டது அவளை?"

"நீங்கதான். யாரு இல்லேன்னது? அதுக்காக ஆயுசுக்கும் சொல்லிக்கிட்டே இருப்பீங்களா?"

எரிகிற நெருப்பில் நாங்களும் எண்ணெய் ஊற்றினோம். அப்போதுதான் நானும் என் மனைவியும் ஒரு சின்ன வீடு கட்ட அஸ்திவாரம் போட்டிருந்தோம். என் மனைவி நேராகச் சித்தியிடம் போய், "கதவு, ஜன்னல், நிலை எல்லாம் நீயே பார்த்துக் குடு சித்தி" என்று சொல்லிவிட்டாள். அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவருக்கு விஷயம் லாரி டிரைவர் மூலமாகத்தான் தெரிந்தது. அடுத்த தடவை நாங்கள் போனபோது, "வாங்க மாப்பிள்ளை" என்றார், பேப்பரை விரித்தார், நாங்கள் கிளம்பும்வரை மடிக்கவே இல்லை.

"உங்க அப்பாவுக்குக் காதுல புகை வருது" என்று வழியில் நான் சொன்னேன். இருவரும் சிரித்தோம். அன்றைக்கு அது எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது.

அந்த மாசத்தில்தான் அது நடந்தது. கடைத்தெருவில் தையல் மெஷின் வைத்திருந்த ஒரு அம்மா, புருஷனை இழந்தவர், தனியாகத் தனக்கென்று இரண்டு அறை வீடு கட்டிக்கொண்டிருந்தார். அவர் வாசல் கதவுக்கும் உள்கதவுக்கும் பலாப் பலகை ஏற்ற லாரி வந்தது. சின்னத்தை அன்றைக்கு மரம் பார்க்க வெளியே போயிருந்தார். கொட்டகையில் மாமனார் மட்டும். சுமை தூக்குகிறவர்கள் எட்டு மாசம் முடிந்த மூன்றாவது அடுக்கிலிருந்து எடுக்க வேண்டும். அவர்கள் நான்காவதிலிருந்து எடுத்தார்கள். அதன் தேதி அறுத்து ஆறு வாரம்தான் ஆயிருந்தது.

மாமனார் பார்த்தார். வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார்.

"நான் எதையும் செய்யல, மாப்பிள்ளை. ஒரு பலகையைக்கூடத் தொடல. அப்படித்தான் மனசுக்குச் சொல்லிக்கிட்டேன். லாரி கேட்டைத் தாண்டுறவரைக்கும் நிறுத்தச் சொல்ல நேரம் இருந்துச்சு. நான் போய் ஒரு டீ குடிச்சேன்."

மூன்று மாசத்தில் அந்த வீட்டின் கதவுகள் காய ஆரம்பித்தன. வாசல் கதவு வில்லாக வளைந்துகொண்டது. தாழ்ப்பாள் துளைக்கு எட்டவில்லை. பலகைகளுக்கு நடுவே விரல் நுழையும் அளவுக்குச் சந்து விட்டுவிட்டது. அந்த வீட்டுக்கு வயரிங் செய்தவன் நான்தான். மீதி வேலைக்குப் போனபோது, தையல்கார அம்மா தன் மெஷினை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் படுக்கிறார் என்று தெரிந்தது.

"நாட்டு மரம்னா இப்படித்தான் இருக்குமா தம்பி? முன்னாடியே யாராவது சொல்லியிருக்கலாமே" என்றார்.

ஊர் பேச எவ்வளவு நேரமாகும்? தையல் கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் கேட்டார்கள், போய்ச் சொன்னார்கள். கிடங்கில் சொல்லிவைத்திருந்த மரத்தை ஒவ்வொருவராக வேண்டாம் என்றார்கள். கப்பல் வரும்வரை தார்ப்பாயே போதும் என்றார்கள். சின்னத்தை அந்த வீட்டுக்குப் போய்ச் சந்துக்குள் விரலை விட்டுப் பார்த்தார். "இது காயாத மரம்" என்றார். முதலாளியிடம் வந்து, "எப்படின்னு தெரியல. ஆனா கொட்டகை என் பொறுப்பு. நான்தான் பார்த்திருக்கணும்" என்று நின்றார். யார் மேலும் கை நீட்டவில்லை.

முதலாளி அவரைப் பில் மேசைக்கே அனுப்பிவிட்டார். "தட்டுக்காரரே, இனிமே மரம் நீங்க பாருங்க" என்றார்.

அன்றைக்கு மாமனார் வீட்டுக்கு விசில் அடித்துக்கொண்டு வந்தாராம். மாமியார் இதை என்னிடம் சொல்லி அழுதார். "என் தங்கச்சி அங்க ஒடுங்கிப்போய் உக்காந்திருக்கா. இந்த மனுஷன் விசில் அடிக்கிறாரு."

விசில் ரொம்ப நாள் நீடிக்கவில்லை. தனியாக மரம் பார்க்கப் போன இடங்களில் எல்லாம் மாமனாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரு வாகையைத் தட்டோ தட்டென்று தட்டிவிட்டு வாங்கிவந்தார். பாதிக்கு மேல் வெள்ளை. ஒரு வேம்பு முறுக்கிக்கொண்டு வளர்ந்தது என்று மில்லில் போட்ட பிறகுதான் தெரிந்தது. வேறு வழியில்லாமல் ஒருநாள் பில் மேசைக்கு முன்னால் போய் நின்றார்.

"வேம்புல முறுக்கை எப்படிக் கண்டுபிடிக்கிற?"

சின்னத்தை பேனாவை வைத்துவிட்டு எழுந்து வெளியே வந்து, முற்றத்தில் கிடந்த ஒரு தண்டைக் காட்டினார். "பட்டை வெடிப்பு நேரா ஓடுதா, சுத்திக்கிட்டு ஓடுதான்னு பாருங்க அத்தான். சுத்தினா உள்ளேயும் சுத்தும்." அதோடு விடவில்லை. அவர் கேட்காததையும் சேர்த்துச் சொன்னார். எதையும் ஒளிக்கவில்லை. ஒரு வார்த்தை குத்தலாகவும் சொல்லவில்லை.

"அவ ஒளிச்சிருந்தா நல்லாருந்திருக்கும். நானா இருந்தா ஒளிச்சிருப்பேன். அதுலயும் அவ எனக்கு மேல போயிட்டாளேன்னு இருந்துச்சு" என்றார் மாமனார்.

பொறாமையும் குற்றமும் சேர்ந்து அவரைப் படுத்திய பாட்டில் ஆள் பாதியாக இளைத்துவிட்டார். கடைசியில் ஒரு லீவு நாளில், மூன்றாவது அடுக்கிலிருந்து நல்ல பலகைகளைத் தன் செலவில் எடுத்துக்கொண்டு, ஒரு தச்சரையும் கூட்டிக்கொண்டு தையல்கார அம்மா வீட்டுக்குப் போனார். ரகசியமாகக் கதவைச் சரிசெய்து கொடுத்துவிட்டால் மனசு கொஞ்சம் ஆறும் என்று கணக்கு. போய்ப் பார்த்தால், வாசலில் வேறொரு தச்சர் ஏற்கனவே பழைய கதவைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"உங்க மச்சினி நேத்தே வந்து ஏற்பாடு பண்ணிட்டுப் போனாங்க. எல்லாம் அவங்க செலவுதான்னு பிடிவாதம். நல்ல மனசு" என்றார் தையல்கார அம்மா.

மாமனார் அந்த வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். பிராயச்சித்தத்திலும் அவள் முந்திக்கொண்டாள்! தான் செய்த தப்புக்கு அவள் பரிகாரம் செய்கிறாள், அதிலும் நல்ல பெயர் அவளுக்கு. அந்த நிமிஷம் மனசு திருந்திவிட்டது என்று நினைக்காதீர்கள் என்று அவரே என்னிடம் சொன்னார். அவர் மனசில் ஓடியது ஒன்றே ஒன்றுதான். அவள் செய்ய முடியாத காரியம் ஏதாவது மிச்சம் இருக்கிறதா? ஒன்று இருந்தது. தப்பு தன்னுடையது என்று சொல்வது. அதை அவளால் அவருக்காகச் செய்ய முடியாது.

அங்கிருந்து நேராக முதலாளி வீட்டுக்குப் போய்ச் சொன்னார். மறுநாள் கிடங்கில் எல்லோர் முன்னாலும், சின்னத்தை முன்னாலும், இன்னொரு தடவை சொன்னார்.

முதலாளி கத்தித் தீர்த்தார். ஒரு மாசம் கிடங்குப் பக்கமே வராதே என்றார். சின்னத்தை மாமனாரிடம் வந்து, "எங்கிட்ட ஒரு வார்த்தை சண்டை போட்டிருக்கலாமே அத்தான். அந்த அம்மா வீட்டுல கதவு மூடல" என்றார். அதோடு சரி. அதற்கப்புறம் ஏழு மாசம் அவரோடு பேசவில்லை. அக்காவைப் பார்க்க, மாமனார் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து வருவார். குடித்த டம்ளர் கழுவிக் கவிழ்த்திருந்தால் தங்கை வந்துபோயிருக்கிறாள் என்று மாமனார் தெரிந்துகொள்வார்.

மரம் பார்க்கும் வேலை மறுபடி சின்னத்தையிடமே வந்தது. மாமனாரைக் காயவைக்கும் கொட்டகையில் போட்டார்கள். பலகைகளைத் திருப்பிவிடுவது, கட்டைகளைச் சரிசெய்வது, தேதி பார்த்து ஆட்களிடம் எடுத்துக் கொடுப்பது. அவர் கண் முன்னால் இனி ஒரு பலகைகூட மாறாது என்று முதலாளி சொன்னதில் கேலியும் இருந்தது, நம்பிக்கையும் இருந்தது. மாமனார் முனகிக்கொண்டுதான் செய்தார். ஆனால் செய்தார்.

ஏழாவது மாசம் ஒரு மத்தியானம், திடீரென்று வானம் இருட்டிக்கொண்டு வந்தது. அப்போதுதான் அறுத்து வந்த பலகைகள் வெளியே கிடந்தன. ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். சின்னத்தை ஓடிவந்து ஒரு முனையைத் தூக்கினார். மறுமுனையைத் தூக்க ஆளில்லை. கொட்டகைக்குள் மாமனார் நின்றுகொண்டிருந்தார், கூப்பிடாமல் வரலாமா என்று தெரியாமல்.

"என்ன பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க? அந்தப் பக்கம் பிடிங்க அத்தான்!"

நாற்பத்தோரு பலகை. அவர் எண்ணினார். பாதி வேலையில் மழை பிடித்துக்கொண்டது. இருவரும் தொப்பலாக நனைந்து, கடைசிப் பலகையை உள்ளே போட்டபோது, சின்னத்தை மூச்சு வாங்கிக்கொண்டே, "உங்க அடுக்கு என் அடுக்கைவிட நேரா இருக்கு" என்றார். வாயால் சொன்ன முதல் பாராட்டு. அன்றைக்கு வீட்டுக்கு வந்து மாமியாரிடம் அதை அப்படியே சொல்லிக்காட்டினாராம், மூன்று தடவை.

எங்கள் வீட்டுக்குப் பலகை வந்தபோது, சின்னத்தை தேர்ந்தெடுத்ததை மாமனார் காயவைத்து, தானே லாரியில் ஏறிக்கொண்டு வந்து இறக்கினார். பலாக் கதவு, வேம்பு நிலை, வாகை உத்தரம். ஐந்து மழைக்காலம் ஆயிற்று. கதவு ஒரு விரல் தள்ளினால் மூடுகிறது. கப்பல்களும் ஒருவழியாக வர ஆரம்பித்துவிட்டன, எப்போது மறுபடி நிற்குமோ தெரியாது. கிடங்கில் இப்போது இரண்டு மரமும் கிடக்கின்றன. கப்பல் மரம் வந்தால் சுத்தியலோடு போகச் சொல்லி முதலாளி அவரைக் கூப்பிடுகிறார். போகிறார். கொட்டகைச் சாவியை மட்டும் யாரிடமும் கொடுப்பதில்லை.

பொறாமை போய்விட்டதா என்று ஒருநாள் கேட்டேன். அவர் வீட்டு ஸ்விட்ச் போர்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன் அப்போது. அவர்தான் எனக்கு டார்ச் பிடித்திருந்தார்.

"எங்க போகும்? அது இருக்குது, மாப்பிள்ளை. காலையில எழுந்தா அதுவும் கூட எழுந்திருக்குது. வேலைக்குப் போனா கொஞ்சம் உக்காந்துக்குது."

போன வாரம் நான் கிடங்குக்குப் போயிருந்தேன். புதிதாக வீடு கட்டும் ஒரு தம்பதி வந்து, நாட்டு மரத்தைப் பற்றி யாரிடம் கேட்க வேண்டும் என்று விசாரித்தார்கள். மாமனார் சின்னத்தையின் மேசையைக் காட்டினார். "அந்தம்மாதான். அவங்களை விட்டா ஆள் கிடையாது." அவர்கள் நாலு அடி போயிருப்பார்கள். அவருக்குப் பொறுக்கவில்லை. "இருங்க, இருங்க" என்று பின்னாலேயே போனார். "காயவைக்கிறது எப்படின்னு அவங்க சொல்ல மாட்டாங்க. அதை எங்கிட்ட கேளுங்க."